தரையில் உட்காரக் கூடாது

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, முன்பு தங்கசாமியின் பலசரக்குக் கடை இருந்த இடத்தில், இப்போது அவர் மகள் துர்காதேவி பிசியோதெரபி பார்க்கிறாள். ஷட்டர் அதேதான். அரிசி மூடை அடுக்கியிருந்த மூலையில் கட்டில் கிடக்கிறது. எண்ணெய் டின் இருந்த இடத்தில் நின்றபடியே மிதிக்கிற சைக்கிள். மிளகாய் வற்றலின் காரம் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. முட்டி வலி, தோள்பட்டை வலி என்று வருகிறவர்கள் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வலியைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

வாசல் போர்டில் அவள் பெயருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் பட்டை உண்டு. அதற்கடியில் இருப்பது 'டாக்டர்'. பிசியோக்காரர்கள் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு வரும், எழுதச் சொல்வாள். கூடாது என்று இன்னொரு பேச்சு வரும். பெயிண்டர் வந்து அழிப்பார். மூன்றாவது தடவை பெயிண்டரே, "ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லி விடுங்கக்கா" என்றார். முடிவு அவள் கையில் இல்லை. ஊர்க்காரர்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. அவர்களுக்கு அவள் 'கரண்டு வைக்கிற பிள்ளை'.

அந்தப் பெயருக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஒரு வருஷமாக அவள் கரண்டு வைப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டாள். வந்தவர்களைப் படுக்கப் போட்டு ஒயரை மாட்டுவதற்குப் பதிலாக, உட்கார், எழு, இந்தப் படியில் ஏறு, மறுபடி இறங்கு என்று வேலை வாங்கினாள். வீரசோழன் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், "முடியலன்னு வந்தா இந்தப் புள்ள கூலிக்கு வந்தவன் மாதிரி வேலை வாங்குது" என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த தெருவில் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் இப்போது நல்ல கூட்டம்.

மதுரையில் நாலரை வருஷம் படித்தவள் துர்காதேவி. படித்து முடித்து வந்த புதிதில் சொந்தத்தில் ஒரு மாமா, "நாலரை வருஷம் படிச்சது காலு அமுக்கி விடவா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். பின்னால் அவருக்கே கழுத்து பிடித்துக்கொண்டு வந்தபோது அவள் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். எலும்பு டாக்டர் சீட்டில் 'பத்து நாள் பிசியோ' என்று எழுதுவார். பத்து நாள் செய்ய வேண்டும். ஏன் பத்து, ஏன் எட்டு இல்லை என்று கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

அங்கே அவளாகச் செய்தது ஒன்றே ஒன்று. முட்டி வலிக்காரர்களுக்கென்று ஒரு தாள் தயாரித்தாள். மேலே 'செய்யக் கூடாதவை' என்று தலைப்பு. கீழே பத்துப் படங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பெண், குத்துக்காலிட்டுக் களை எடுக்கிற பெண், மாடிப்படி ஏறுகிற பெண். ஒவ்வொருத்தி மேலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. படங்களை அவளே வரைந்திருந்தாள். பெண்களுக்குக் கொண்டை, கண்டாங்கிச் சேலை, ஒருத்திக்குக் காதில் தண்டட்டிகூடப் போட்டிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார். ஆயிரம் அடித்தார்கள், தீர்ந்ததும் இன்னொரு ஆயிரம் அடித்தார்கள். அவள் பெயர் அதில் இல்லாவிட்டாலும் அவள் கைவேலை அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். அம்மா சரஸ்வதி ஒரு தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

போன வருஷம் மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போயிருந்தாள். பாடம் எடுத்தவன் வயதில் சின்னவன். திரையில் ஒரு தாளைக் காட்டினான். அவளுடையது இல்லை, ஆனால் அதே ஜாதி. அதே சிவப்புக் குறிகள். இப்படிப் பயமுறுத்தித்தான் ஜனங்களை முடக்கிப் போட்டோம் என்றான். உட்காராதே, ஏறாதே என்றால் தொடைச் சதை வற்றும், சதை வற்றினால் முட்டி இன்னும் வலிக்கும், வலித்தால் இன்னும் உட்காரமாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிப் பழக்க வேண்டிய முட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டோம் என்றான். வகுப்பு சிரித்தது. துர்காதேவியும் சிரித்தாள், எல்லாருக்கும் கொஞ்சம் பிந்தி. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டாயிரம் தாளையும் நினைத்துக்கொண்டு வந்தாள். இரண்டாயிரம் முட்டிகளில் யாராவது சொன்னபடி கேட்டிருப்பார்களா என்று யோசித்தாள். நம் ஜனம் எதைக் கேட்டது என்று தேற்றிக்கொண்டாள்.

ஒருத்தி கேட்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, திருச்சுழிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து ராக்கம்மாள் வந்தாள். மகன் மாரீஸ்வரன் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் உட்கார்த்திக் கூட்டிவந்திருந்தான். வண்டியின் முன்பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் சேர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ராக்கம்மாளுக்கு அறுபத்திரண்டு வயசு. எட்டு ஏக்கர் மானாவாரி, பருத்தியும் மக்காச்சோளமும். கையில் மஞ்சப்பை. உள்ளே வந்ததும் தும்மினாள். பைக்குள்ளிருந்து லேமினேஷன் செய்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நீ குடுத்ததுதான் தாயி. பத்து வருசமா மீறல."

துர்காதேவிக்குத் தன் தண்டட்டிக்காரியை உடனே அடையாளம் தெரிந்தது. வெயில் பட்டு வெளுத்திருந்தாலும் பெருக்கல் குறி மட்டும் சிவப்பாகவே இருந்தது.

மீறவில்லை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. சாப்பாடு சேரில். களை எடுக்கிற பெண்களுக்கு நடுவே, வரப்பில் சேர் போட்டு மேற்பார்வை. பொங்கல் வைக்கிற இடத்தில் எல்லாரும் அடுப்படியில் குந்தியிருக்க, இவள் சேரில். போகிற ஊரில் சேர் இருக்குமோ இருக்காதோ என்று வீட்டுச் சேரையே வண்டியில் கட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. முன்னால சேரு வருது, பின்னால ராக்கம்மா வருது என்று ஊரில் கேலி பேசினார்கள். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. படித்த பிள்ளை படம் போட்டுச் சொல்லியிருக்கிறது.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று துர்காதேவி கேட்டாள்.

"வலி கெடக்கு கழுத. என்னையத் தரையில உக்கார வையி."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஒரே ஒரு அக்கா, பேச்சி. நரிக்குடிக்குத் தெற்கே கட்டிக்கொடுத்த இடம். எட்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சியின் புருஷன் செத்துப்போனார். கேத வீட்டில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, வருகிறவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து அழுவார்கள். கூடப் பிறந்தவள் வந்தால் அவளுக்குத்தான் அந்த வட்டத்தில் முதல் இடம். ராக்கம்மாள் போனாள், நீலச் சேரோடு. வட்டத்துக்குப் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து அக்காளைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை. எட்டின மட்டுக்கும் கையை நீட்டி அக்காளின் உச்சந்தலையில் வைத்தாள். அன்றைக்கு முட்டியில் நீர் கோத்து வீங்கி வேறு இருந்தது.

"ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறான்னு சொல்லியிருக்கா தாயி. எங்க வீட்டுத் தரை அவளுக்கு ஆகல, எங்க வீட்டுச் சேருகூட ஆகலன்னு. அன்னையிலருந்து பேச்சு வார்த்த இல்ல."

இப்போது பேச்சிக்கு வயிற்றில் புற்று. மதுரையில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கார்த்திகையைத் தாண்டுவாளா என்று தெரியாது.

"அவ போன பெறகு தலமாட்டுல உக்காந்து என்ன செய்ய? உசிரோட இருக்கையில போகணும். ஆனா போனா மொதல்ல சேரத்தான் எடுத்துப் போடுவாக. சேருல உக்காந்துட்டேன்னா அதோட முடிஞ்சுது. பெறகு பேச என்ன இருக்கு?"

துர்காதேவி முட்டிகளைப் பார்த்தாள். தேய்ந்த முட்டிகள்தான், ஆனால் மடங்குகிற முட்டிகள். தொடையைப் பிடித்துப் பார்த்தபோது கையில் எலும்பு தட்டியது. வலியைவிட அந்தச் சதைதான் பிரச்சினை. முடியும் என்றாள்.

ராக்கம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அன்னைக்கு உக்காரக் கூடாதுன்ன. இன்னைக்கு உக்காரலாங்குற. முட்டி மாறிப்போச்சா, படிப்பு மாறிப்போச்சா?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராகத்தான் இருந்தது, வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாரீஸ்வரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வாசலில் இன்னும் இரண்டு பேர். கரண்டு வைக்காத பிசியோ என்று ஏற்கெனவே கெட்ட பெயர். சொன்னதையும் மாற்றிச் சொல்கிறவள் என்றால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

"முட்டி இப்பக் கொஞ்சம் தேறியிருக்கும்மா" என்றாள்.

"அப்ப நீ சொன்னபடி இருந்ததுக்குப் பலன் இருக்கு" என்று ராக்கம்மாள் சந்தோஷப்பட்டாள். துர்காதேவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாரத்தில் இரண்டு நாள் ராக்கம்மாள் வந்தாள். இன்னொரு நாள் துர்காதேவி திருச்சுழிப் பக்கம் நோயாளிகளை வீட்டிலேயே பார்க்கப் போகிறபோது அவள் வீட்டிலும் நிறுத்தினாள். முதல் வாரம் சேரிலிருந்து கை ஊன்றாமல் எழுவது மட்டும். அப்புறம் சேரை விட உயரம் குறைந்த பெஞ்சு. அப்புறம் மாரீஸ்வரன் வீடு கட்டி மிச்சமிருந்த ஹாலோ பிளாக் கற்களைப் படுக்கவாட்டில் அடுக்கி மேலே பலகை போட்டான். மூன்று கல் உயரம், இரண்டு கல் உயரம். ஒவ்வொரு உயரத்திலும் பத்துப் பத்தாக மூன்று தடவை உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு கல்லை எடுக்கிற அன்றைக்கு ராக்கம்மாள் முகத்தைப் பார்த்தால் ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும்.

இரண்டு கல்லுக்கு இறங்கின வாரம் வலது முட்டி வீங்கிவிட்டது. மாரீஸ்வரன் போனில் கூப்பிட்டான். குரலில் மரியாதை இருந்தது, அவ்வளவுதான் இருந்தது.

"மேடம், பத்து வருசமா அம்மாவ ஒரு பூ மாதிரி வச்சிருந்தோம். நீங்க சொல்லித்தான் வச்சிருந்தோம். இப்ப நீங்களே சொல்லி இப்பிடி ஆயிருக்கு. ஆபரேசன் பண்ணி மாத்திரலாம்னு மச்சான் சொல்றாரு."

"ஒடனே நிறுத்த வேணாம். ரெண்டு நாளு மூணு கல்லுலயே செய்யட்டும். வீக்கம் வடிஞ்சதும் எறங்குவோம்."

"வடியலன்னா?"

"வடியும்" என்றாள். போனை வைத்த பிறகு அவளுக்குக் கை வேர்த்திருந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டின் அருமை தெரியும். பத்து நாள் என்று வேறொருவர் எழுதியிருந்தால், தப்பானாலும் அவர் தப்பு. இங்கே எழுதினவளும் அவள்தான், செய்கிறவளும் அவள்தான். பிசியோக்காரர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் தாங்களே நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கைதட்டினவர்களில் அவளும் ஒருத்தி. கைதட்டும்போது இந்த வேர்வை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஐப்பசி மழைக்குள் ராக்கம்மாள் ஒரு கல் உயரத்துக்கு வந்துவிட்டாள். அதற்குக் கீழே தரைதான். அந்தக் கடைசிக் கல்லுக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று துர்காதேவி கணக்குப் போட்டிருந்தாள்.

மூன்று வாரம் கிடைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் ராக்கம்மாள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது, மாரீஸ்வரன் வண்டியைக் கிளப்பத் தயாராக நின்றான். பேச்சிப் பெரியம்மா இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் இறங்குகிறது என்று தகவல் வந்திருந்தது. பழக்கத்தில் அவன் நீலச் சேரை எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"அத அவுருடா" என்றாள் ராக்கம்மாள். பிறகு துர்காதேவியிடம், "தரைக்கு இன்னும் எறங்கல. எறங்கிருவேனா?" என்று கேட்டாள்.

"நானும் கூட வாரேன்" என்றாள் துர்காதேவி. அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

நரிக்குடி தாண்டி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கண்மாயில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. வீட்டு முன்னறையில் பேச்சி கட்டில் வேண்டாமென்று தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. கண் தெளிவாக இருந்தது. வாசலில் தங்கச்சியைப் பார்த்ததும் அந்தக் கண் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"சின்னத்தைக்குச் சேரு கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள் பேச்சியின் மருமகள் முருகலட்சுமி. மரியாதைக்குத்தான் சொன்னாள். சேர் வந்தது. சிவப்புச் சேர், புதுசு. துடைத்துப் போட்டார்கள்.

ராக்கம்மாள் சேரைச் சுற்றிக்கொண்டு போனாள். சன்னல் கம்பியை இடது கையால் பிடித்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளி மெல்ல இறங்கினாள். மூன்று கல் உயரம், இரண்டு கல், ஒரு கல். அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். தொடை நடுங்கியது, சேலைக்கு மேலேயே தெரிந்தது. முருகலட்சுமி பிடிக்க ஓடிவந்தாள். துர்காதேவி அவளைக் கையைக் காட்டி நிறுத்தினாள். தன்னுடைய இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அவளே பிடித்துவிடுவாள். ராக்கம்மாள் வலது கையைத் தரையில் ஊன்றினாள். பக்கவாட்டில் சாய்ந்து, கடைசிச் சாண் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கி, வலது காலைப் பாதி நீட்டிக்கொண்டு, பாயின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள்.

பேச்சி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். தங்கச்சியின் முகம் தன் முகத்துக்கு அருகில் இருந்தது.

"ஒஞ் சேரு எங்கடி?"

"கொண்டாரல."

"அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு ஒனக்கு?"

"முட்டிக்கா. தரையில உக்காரக் கூடாதுன்னுட்டாக."

"எவுக?"

ராக்கம்மாள் துர்காதேவி இருந்த பக்கம் திரும்பவில்லை. பாய்க்கோரையை நகத்தால் கீறிக்கொண்டு, "எவுகளோ. ஆஸ்பத்திரியில" என்றாள்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் துர்காதேவிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். மறைத்துவிட்டாள் என்பதுதான் தாங்கவில்லை.

"நான்தாம்மா சொன்னேன்" என்றாள். "தாள்ல படம் போட்டுக் குடுத்தது நான்தான். அவுக மேல தப்பு இல்ல. உக்காரக் கூடாதுன்னு சொன்னேனே ஒழிய, கேத வீட்டுக்குப் போனா என்ன செய்வீகன்னு ஒரு வார்த்த கேக்கல."

ராக்கம்மாள் இப்போது திரும்பினாள். "முட்டி தேறிருச்சுன்னு சொன்னயே?"

"முட்டி அன்னைக்கு இருந்த மாதிரிதாம்மா இருக்கு. படிப்புதான் மாறிப்போச்சு. அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒங்க கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

மாரீஸ்வரன் வாசலில் நின்று அவளையே பார்த்தான். பேச்சி கையைத் தூக்கினாள், தூக்க நேரமாயிற்று. அந்தக் கையை ராக்கம்மாளின் முட்டிமேல் வைத்தாள்.

"எட்டு வருசம்டி ராக்கு" என்றாள்.

ராக்கம்மாள் குனிந்தாள். இந்தத் தடவை எட்டியது. தோளோடு தோள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். பேச்சிக்குச் சத்தம் வரவில்லை. இருவருக்கும் சேர்த்து ராக்கம்மாள்தான் அழுதாள். எட்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனவரை முறை சொல்லி, "எங்க மச்சானே" என்று கூப்பிட்டு, அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பேச்சி தலையைத் திருப்பாமலே, "அந்தப் படிச்ச புள்ள ஏன் நிக்கிது? அதுக்குச் சேரப் போடுங்க" என்றாள்.

முருகலட்சுமி சிவப்புச் சேரை நகர்த்திப் போட்டாள். துர்காதேவிக்குத் தரையில் உட்காரத்தான் தோன்றியது. ஆனால் தனக்கு என்று போட்டது சேர். அதில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்கும்போது இரண்டு உச்சந்தலைகள்தான் தெரிந்தன, இரண்டும் நரைத்தவை. முகம் தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்திருந்தாலும் எட்டியிருக்காது. இரண்டாயிரம் தாளிலும் வரைய விட்டுப்போனது இந்தப் படம்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

வெயில் உச்சிக்கு வந்தது. கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ராக்கம்மாள் வாங்கி, ஒவ்வொரு கரண்டியாக அக்காளின் வாயில் விட்டாள். நாலு கரண்டி இறங்கியது. மாரீஸ்வரன் உள்ளே வந்து தயங்கி நின்றான்.

"கெளம்பலாமாம்மா? எந்திரிக்க வேற செய்யணும். மேடம் இருக்கையிலயே எந்திரிச்சிட்டா ஒரு கை பிடிச்சு விடுவாக."

ராக்கம்மாள் ஐந்தாவது கரண்டியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்க என்னடா அவசரம்?" என்றாள். "இப்பத்தான உக்காந்திருக்கேன்."